புதுப்பிப்பு: காற்றுத் துப்பாக்கிக் குண்டுகள் சிதறிய விவகாரம்

மட்டக்களப்பில் எங்கள் பயிற்சி மண்டபத்தில் 10 மீற்றர் காற்றுத் துப்பாக்கிக் குண்டுகள் சிதறுகின்றன, எறியியல் மென்பொருள் (குண்டு செல்லும் பாதையைக் கணக்கிடும் மென்பொருள்) காட்டும் இடத்தில் விழுவதில்லை என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் தந்த அண்ணாமார், அக்காமார் எல்லோருக்கும் நன்றி. விடயம் தீர்ந்தது.

கடற்காற்றின் ஈரப்பதனே காரணம் என்று சிலர் சொன்னார்கள். மென்பொருளில் அதை 60 இலிருந்து 90 சதவீதத்துக்கு உயர்த்திப் பார்த்தேன். குண்டு விழும் என்று அது காட்டிய புள்ளி அசையவே இல்லை. வேகமானியால் அளந்த குண்டின் வேகத்தை மென்பொருளில் இட்டதும், அது காட்டிய இடத்துக்கும் குண்டு விழுந்த இடத்துக்கும் இடையிலான உயர வித்தியாசம் சரியாயிற்று. சிதறல் மட்டும் அப்படியே இருந்தது. எல்லாக் குண்டுகளும் ஒன்றே என்று எடுத்துக்கொள்ளும் மென்பொருளிடம் அதைக் கேட்டுப் பயனில்லை.

பலித்தது, குண்டின் தலை விட்டத்தை மாற்றச் சொன்ன யோசனை. துப்பாக்கியை அசையாதபடி பிடிகருவியில் இறுக்கி 4.49, 4.50, 4.51 மில்லிமீற்றர் குண்டுகளைத் தனித்தனியாகச் சுட்டோம். எங்கள் குழலுக்கு 4.50 பொருந்தியது, உங்களுடையதற்கு வேறு அளவு பொருந்தலாம். இலக்கில் பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் விட்டமே 0.5 மில்லிமீற்றர்தான், ஆகவே சோதிக்காமல் வாங்காதீர்கள்.

எதிர்பாராத ஒன்று: திறந்து வைத்த டின்னில் ஈயக் குண்டுகள்மீது வெண்பொடி படிந்திருந்தது. ஈரப்பதனின் வேலை அங்கேதான். அவற்றை ஒதுக்கிவிட்டோம். டின்னை இறுக மூடுங்கள். ஈயம் நஞ்சு, சுட்ட பின் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள்.