மறுமொழி: 'பிராட்லி நியூட்ரலைசிங் ஆன்டிபாடி' தமிழில் எப்படி?

> 'பரந்த நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள்' என்று வைத்துக்கொள்ளலாமா?

ஐயா, வணக்கம்.

'ஆன்டிபாடி'க்கு, அதாவது கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதத்துக்கு, எதிர்ப்பொருள் சரி. பாடநூலில் பழகிய சொல், அப்படியே இருக்கட்டும். அதற்கு முன்னால் நிற்கும் இரண்டு சொற்களில்தான் எனக்கு உடன்பாடில்லை.

நடுநிலையாக்கல் என்றதும் அமிலமும் காரமும்தான் நினைவுக்கு வரும். இங்கே நடப்பது வேறு. எய்ட்ஸ் உண்டாக்கும் எச்ஐவி வைரஸ், தன் மேலுறையில் முள்ளாய் நீட்டிக்கொண்டிருக்கும் புரதத்தால் நம் வெள்ளையணுவின் சிடி4 ஏற்பியைப் பற்றிக்கொண்டுதான் உள்ளே நுழைகிறது. எதிர்ப்பொருள் முந்திக்கொண்டு அந்தப் புரதத்தில் ஒட்டிவிட்டால் வைரஸால் நுழைய முடியாது, முடங்கிவிடும். ஆகவே 'முடக்கி' என்பேன்.

'பரந்த' என்றால் எதில் பரப்பு? அதைச் சொல்லாமல் விட்டால் இந்தச் சொல்லால் பயனே இல்லை. தென்னாப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் மிகுந்திருப்பது எச்ஐவியின் சி வகை, அமெரிக்காவிலும் மேற்கு ஐரோப்பாவிலும் பி, தாய்லாந்தில் ஏஇ. இந்த வேறுபாட்டால்தான் எச்ஐவி தடுப்பூசி ஆராய்ச்சி எந்த ஒரு நாட்டுக்குள்ளும் அடங்குவதில்லை. 2009இல் அறிவிக்கப்பட்ட பிஜி9, பிஜி16 என்ற இரு எதிர்ப்பொருள்களும், ஐஏவிஐ என்ற பன்னாட்டு எய்ட்ஸ் தடுப்பூசி ஆராய்ச்சி அமைப்பு பல கண்டங்களில் திரட்டிய இரத்த மாதிரிகளில், ஆப்பிரிக்கக் கொடையாளர் ஒருவரிடமிருந்து கிடைத்தவை.

அப்புறம் விஆர்சி01 என்ற இன்னொரு எதிர்ப்பொருள். ஆப்பிரிக்காவிலும் அமெரிக்கக் கண்டங்களிலும் சுவிட்சர்லாந்திலும் 4,600க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களை வைத்து அதைச் சோதித்தார்கள். ஒரு பகுதியினருக்கு அதை இரத்தக் குழாய் வழியே செலுத்தினார்கள். 2021இல் வந்த முடிவின்படி, மொத்தத்தில் தொற்று குறையவில்லை. ஆனால் அந்த எதிர்ப்பொருளுக்கு எளிதில் பணியும் வைரஸ் திரிபுகளால் (மாறுபட்ட வடிவங்களால்) வரும் தொற்று மட்டும் சுமார் 75% குறைந்தது. எத்தனை திரிபுகளை முடக்குகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று இதற்குமேல் யார் சொல்ல வேண்டும்? அந்த எண்ணிக்கை சொல்லுக்குள்ளேயே தெரிய வேண்டும்.

எனவே என் பரிந்துரை: பல்திரிபு முடக்கி எதிர்ப்பொருள். கட்டுரையில் முதல்முறை முழுதாக எழுதிவிட்டு, பிறகு 'பல்திரிபு முடக்கி' என்றே சுருக்கலாம். 'பன்முடக்கி' இன்னும் சின்னது, நாவுக்கும் இதம். ஆனால் பல நோய்களை முடக்குவது என்று பொருள்பட்டுவிடும்; அந்த மயக்கம் மருத்துவத்தில் ஆபத்து.

'திரிபு' என்றால் பிழை என்ற பொருளும் உண்டே என்று ஒருவர் கேட்டிருந்தார். கோவிட் காலத்துச் செய்திகளில் வைரஸ் திரிபு என்பது நன்றாகவே வேரூன்றிவிட்டது. இனி யாரும் தடுமாற மாட்டார்கள்.

இதை ஏற்றால் உடன்வரும் சொற்களும் அமைந்துவிடும்: எவ்வளவு வலுவாக முடக்குகிறது என்பதற்கு முடக்குதிறன், எத்தனை திரிபுகளை எட்டுகிறது என்பதற்கு முடக்குவீச்சு. 'வீச்சு' இயற்பியலில் வேறொன்றைக் குறிக்கிறதே என்பவர்கள் மாற்று சொல்லுங்கள்.