1933-இல் போலந்து முந்திக்கொண்டிருந்தால் பெர்லின் விழுந்திருக்குமா?

ஓடர்கரை: ஹிட்லர் பதவிக்கு வந்து ஐந்தே வாரம். மார்ச் 6 அன்று டான்சிக் துறைமுகத்தில் போலந்தின் ராணுவக் கிடங்கு இருந்த வெஸ்டர்பிளாட்டில், 88 பேர்தான் இருக்கலாம் என்ற வரம்பை மீறி போலந்தின் தலைவர் பில்சுத்ஸ்கி சுமார் 120 வீரர்களை இறக்கினார். அப்படியே எல்லையையும் தாண்டியிருந்தால்? ஜெர்மனியிடம் 7 காலாட்படை டிவிஷன் (பல ஆயிரம் வீரர் கொண்ட படைப்பிரிவு), 3 குதிரைப்படை டிவிஷன். டாங்கிப் படையோ விமானப்படையோ இல்லை. போலந்திடம் 30 காலாட்படை டிவிஷன். கதை முடிந்திருக்கும்.

ரயில்கணக்கு: தலையை எண்ணாதீர்கள், தீவனத்தை எண்ணுங்கள். முழுப் பலத்தில் ஒரு போலந்து டிவிஷனுக்குக் கிட்டத்தட்ட 7,000 குதிரைகள். ஒன்றுக்கு நாளுக்கு 10 கிலோ என்றாலே 70 டன். குண்டும் ரொட்டியும் தனி. எல்லையிலிருந்து பெர்லின் 150 கி.மீ.க்குச் சற்று மேல். தண்டவாள அகலம் ஒன்றுதான், ஆனால் பின்வாங்குகிறவன், வழியில் ஓடர் நதி மேலுள்ள கியூஸ்ட்ரின் பாலத்தைத் தகர்க்காமலா போவான்? சரக்கு ஓடரின் கிழக்குக் கரையிலேயே தேங்கும். தவிர, அந்த 30-உம் சமாதான கால டிவிஷன்கள். ரிசர்வ் ஆட்களைக் கூப்பிட்டால் ரகசியம் போச்சு, கூப்பிடாவிட்டால் அரைகுறைப் படை.

ஓடர்கரை: எதிரி மட்டும் எதை வைத்துச் சுடுவான்? முதல் உலகப் போருக்குப் பிந்தைய வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனிக்கு அனுமதித்தது 204 பீல்டு பீரங்கி, ஒன்றுக்கு 1,000 குண்டு. 84 ஹொவிட்சர் (குண்டை வளைவாக வீசும் பீரங்கி), ஒன்றுக்கு 800. நாளுக்கு 150 வீதம் சுட்டால் ஒரு வாரத்தில் பீரங்கி ஊமை. ஒளித்துவைத்த கையிருப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இன்னும் சில நாள்.

லொகார்னோ25: பீரங்கியை விடுங்க சார், பிரான்ஸ் உதவிக்கு வருமா? சேர்ந்து தாக்கலாம் என்று பில்சுத்ஸ்கி அங்கே தூது விட்டாரா என்பதிலேயே வரலாற்றாளர்கள் ஒத்துப்போவதில்லை. 1925 லொகார்னோ ஒப்பந்தப்படி, காரணமின்றி பிரான்ஸ் ரைனைத் தாண்டினால் பிரிட்டனும் இத்தாலியும் ஜெர்மனி பக்கம் நிற்க வேண்டும். படை வைக்கத் தடை இருந்த ரைன்லாந்தில் ஜெர்மன் படை புகுந்திருந்தால் விலக்கு உண்டு. அது நடந்தது 1936 மார்ச் 7-இல்தான். போலந்துக்கு பிரான்ஸ் தந்த உறுதியும் ஜெர்மனி தாக்கினால் மட்டுமே. தாக்குகிறவன் போலந்து என்றால் அந்தக் காகிதம் செல்லாது.

ஓடர்கரை: சரி, பெர்லின் வேண்டாம். போலந்து நிலம் நடுவே வந்து துண்டாக்கிய ஜெர்மன் பகுதியான கிழக்குப் பிரஷ்யாவை மட்டும் பிடித்து பேரம் பேசலாமே? அங்கே இருந்தது ஒரே காலாட்படை டிவிஷன், தரைவழி உதவியும் கிடையாது.

ரயில்கணக்கு: இது உருப்படியான யோசனை. பிடிக்கலாம். வைத்திருப்பதுதான் கஷ்டம். அதன் தெற்கே அலன்ஸ்டைனில், எந்த நாட்டோடு இருப்பது என்ற 1920 வாக்கெடுப்பில் 97 சதவீதத்துக்கு மேல் ஜெர்மனிக்கே ஓட்டு. ஜெர்மனியின் தொழிற்பகுதியான ரூரில் 1923-இல் பிரான்ஸ் நுழைந்ததும் ஜெர்மன் ரயில்வே ஊழியர்கள் வேலையை நிறுத்தினார்கள். டிரைவர் முதல் சிக்னல்காரர் வரை பிரான்சிலிருந்தே கொண்டுவர வேண்டியதாயிற்று. கிழக்குப் பிரஷ்யாவின் தலைநகரான கோனிக்ஸ்பெர்க் லைனில் வண்டி ஓட்ட வார்சா எத்தனை பேரை அனுப்பும்?