புதுப்பிப்பு: பாட்டியின் வழியைத் தேடிப் போய்விட்டு வந்தேன்

பாட்டி கேரளத்துப் பரவூர் யூதக் குடும்பம், அவர் வேர்களைத் தேட எங்கே தொடங்கலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பக்கத்தில் இருக்கும் சேந்தமங்கலத்துக்குப் போ என்று பலரும் சொன்னீர்கள். போனேன்.

அங்குள்ள யூத ஜெப ஆலயத்தின் முன்னால் ஒரு கல் நிற்கிறது. இஸ்ரயேல் என்பவரின் மகள் சாராவின் கல்லறைக் கல், 1269-ஆம் ஆண்டு. இந்தியாவில் கிடைத்த எபிரேயக் கல்வெட்டுகளில் இதுதான் மிகப் பழையது என்கிறார்கள். ஒரு பெண்ணின் பெயர் 750 வருடம் தாண்டி நிற்கிறதே என்று வெகுநேரம் அங்கேயே நின்றுவிட்டேன்.

அப்புறம் நான்கு நாள், ஒரு பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தில் தன்னார்வ வேலை. கம்பி பிரஷ் கூடாது, கல் தேய்ந்துவிடும். தண்ணீரும் மெத்தென்ற பிரஷும்தான். பாசி விலக விலக, வலமிருந்து இடமாக ஒவ்வோர் எழுத்தாக வெளியே வந்தது. முடித்ததும் பூ அல்ல, கல்லறை மேல் ஒரு கூழாங்கல் வைப்பது யூதர்களின் வழக்கம். நானும் வைத்தேன். கை நடுங்கியது.

அடுத்தது இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் உள்ள நெவாத்திம். 1950-களில் கொச்சி யூதர்கள், அதாவது கேரளத்து யூதர்கள், குடியேறிய ஊர். பாட்டியின் அத்தை குடும்பம் அங்கே இருப்பதாக அம்மா சொல்கிறார். டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. யாராவது போயிருந்தால் சொல்லுங்கள்: கொச்சி யூதப் பெண்களின் மலையாளப் பாட்டுகளை அங்கே இப்போதும் பாடுகிறார்களா?