படுக்கையறைச் சுவரில் பூஞ்சை: செலவு யாருடையது?

கேள்வி:
இரண்டு ஆண்டுகளாக நான் குடியிருக்கும் வாடகை வீட்டில், படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோது அதன் பின்சுவரில் கரும்பூஞ்சை படர்ந்திருப்பதைக் கண்டேன். சன்னலைத் திறக்காமல் வைத்திருந்ததே காரணம் என்றும், சுத்தம் செய்து வண்ணம் பூசும் செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்வதாகவும் உரிமையாளர் சொல்கிறார். அந்தச் சுவரின் மறுபுறம் குளியலறை இருக்கிறது. இச்செலவை நான் ஏற்க வேண்டுமா?

பதில் 1:
ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் பொறுப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. கூரை ஒழுக்கு, குழாய்க் கசிவு, தரையிலிருந்து சுவரில் ஏறும் ஓதம் ஆகியவை கட்டடத்தின் குறைகள் என்பதால் அவற்றைச் சீர்செய்வது பெரும்பாலும் உரிமையாளரின் கடமை. அறைக்குள் துணி உலர்த்துவது, காற்றோட்டத்தை அடைத்து வைப்பது போன்றவற்றால் சேரும் ஈரத்துக்குக் குடியிருப்பவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தரை ஓதம் பொதுவாக ஒரு மீட்டர் உயரத்துக்கு மேல் ஏறாது, உப்பும் பூத்திருக்கும். சுவரில் ஓரிடத்தைத் துடைத்துக் காயவைத்து, அதன்மேல் ஒரு பாலித்தீன் தாளை நான்கு பக்கமும் இடைவெளியின்றி ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். தாளின் வெளிப்புறம் நனைந்தால் அறைக் காற்றின் ஈரம். உட்புறம் நனைந்தால் சுவரிலிருந்தே வருகிறது.

பதில் 2:
நானும் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். சிறு கசிவைப் பல மாதங்கள் சொல்லாமல் விட்டு, காரை உதிர்ந்த பிறகு அழைப்பவர்கள் உண்டு. அப்படித் தாமதத்தால் பெருகிய சேதத்தில் அவர்களுக்கும் பங்கு வரலாம். ஆகவே இன்றே தேதியிட்ட புகைப்படங்களுடன் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். அதே சமயம், நீராவி வெளியேற விசிறியோ திறப்போ இல்லாத குளியலறையைக் கட்டிவிட்டுக் குடியிருப்பவரைக் குறை சொல்வதும் நியாயமில்லை. முன்பணக் கழிவைப் பொறுத்தவரை, ஒப்பந்தத்தையும் உங்கள் ஊர் வாடகைச் சட்டத்தையும் படித்துவிட்டுப் பேசுங்கள்.

பதில் 3:
ஈரத்தை நிறுத்தாமல் மேலே வண்ணம் பூச மட்டும் சம்மதிக்காதீர்கள். பூஞ்சை திரும்ப வரும். ஈரமும் பூஞ்சையும் உள்ள வீடுகளில் ஆஸ்துமாவும் சுவாசக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுவதை உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் குறிப்பிட்டுள்ளது. வீட்டில் குழந்தைகள் இருந்தால் அந்த அறையில் படுக்க வைக்க வேண்டாம்.

கேள்வி கேட்டவர்:
பாலித்தீன் தாளின் உட்புறம்தான் நனைந்திருந்தது. படத்தை அனுப்பியதும் உரிமையாளர் ஆளை வரவழைத்தார். குளியலறைக் குழாயின் இணைப்பு ஒன்று சுவருக்குள் கசிந்துகொண்டிருந்தது. பழுதுச் செலவை அவரே ஏற்றுக்கொண்டார். மட்கிய வாடையை மாதங்களுக்கு முன்பே உணர்ந்தும் நான் சொல்லாமல் இருந்தது உண்மைதான் என்பதால், வண்ணப்பூச்சுச் செலவு பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.