கோத்தகிரி வீட்டை விற்கிறோம், தடுப்புச்சுவர் விஷயத்தை வாங்குபவரிடம் சொல்லியாக வேண்டுமா?

கோத்தகிரி மகள்:
வணக்கம். கோத்தகிரியில் அப்பா கட்டிய வீட்டை விற்கப் போகிறோம். அப்பா இல்லை, அம்மா என்னோடு கோவையில் இருக்கிறார். வீடு சரிவில் இருக்கிறது, பின்பக்கம் ஆளுயரத்துக்கு மேல் கருங்கல் தடுப்புச்சுவர். 2009 நவம்பர் மழையில் அதில் ஒரு பகுதி சரிந்து, அப்பா திரும்பக் கட்டினார். இப்போது அதே இடம் லேசாகப் பிதுங்கி நிற்கிறது. புரோக்கர் "பூசி வெள்ளையடித்துவிடுங்கள், கேட்டால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். வாங்க வருபவர்கள் திருப்பூர்க்காரர்கள், சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள், மறைக்க எனக்கு மனசு வரவில்லை. சொன்னால் விலை விழும் என்று தம்பி பயப்படுகிறான். இன்னொன்று, வீட்டுக்குத் தண்ணீர் மேலே இருக்கும் ஊற்றிலிருந்து பக்கத்துத் தேயிலைத் தோட்டம் வழியாகக் குழாயில் வருகிறது, எழுத்தில் எதுவும் கிடையாது. சட்டப்படி எதையெல்லாம் சொல்ல வேண்டும்?

ஊட்டி பத்திர எழுத்தர்:
சொல்லித்தான் ஆகணும்மா. 1882ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாமல், அவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை சொத்திலோ உரிமையிலோ இருந்தால் அதை வெளிப்படுத்த வேண்டும். சொல்லாமல் விட்டால் அது மோசடி என்று அந்தப் பிரிவே சொல்கிறது. பிதுங்கிய சுவர் கண்ணில் படும், ஆனால் பூசி மறைத்தால் படாது, அங்கேதான் சிக்கல். 2009இல் சரிந்த கதை எப்படியும் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அப்புறம், அவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்கும் கேள்விக்கெல்லாம் தெரிந்தவரை உண்மையாகப் பதில் சொல்வதும், கேட்டால் மூலப்பத்திரங்களைக் காட்டுவதும் உங்கள் கடமை. புரோக்கர் கமிஷனை வாங்கிக்கொண்டு போய்விடுவார், பத்திரத்தில் கையெழுத்து உங்களுடையது.

வாயால் சொன்னால் போதாது. கிரய ஒப்பந்தத்திலேயே "பின்புறத் தடுப்புச்சுவர் 2009இல் சரிந்து திரும்பக் கட்டப்பட்டது, தற்போது பிதுங்கியுள்ளது, வாங்குபவர் நேரில் பார்த்து அறிந்துகொண்டார்" என்று எழுதி, சுவரின் படத்தையும் இணையுங்கள். நாளைக்கு ஒரு பேச்சு வந்தால் உங்களைக் காப்பாற்றுவது அந்த வரிதான்.

தண்ணீர் விஷயம் சுவரைவிடப் பெரியது. தோட்டக்காரர் வாய்ப்பேச்சில் கொடுத்த அனுமதி புது ஆளுக்குத் தானாகப் போகாது. வில்லங்கச் சான்றில் பதிவான ஆவணங்கள் மட்டும்தான் வரும், இந்தக் குழாய் எதிலும் வராது. அவரிடம் பேசி எழுதிப் பதிவு செய்ய முடியுமா பாருங்கள். முடியாவிட்டால் அதையும் உள்ளபடி எழுதுங்கள். தண்ணீர் இல்லாத மலைவீட்டை வாங்கிவிட்டுத் தவிப்பவர்களைப் பார்த்துச் சொல்கிறேன்.

குன்னூர் மேஸ்திரி:
தயவு செய்து பூசாதீங்கம்மா. கருங்கல் சுவரில் வரிசையாகச் சின்ன ஓட்டைகள் இருக்கும், வீப் ஹோல் என்போம், மண்ணுக்குள் இறங்கும் தண்ணீர் அதன் வழியாகத்தான் வெளியே வரும். பூசினால் அடைந்துவிடும், தண்ணீர் பின்னால் தேங்கிச் சுவரைத் தள்ளும். நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். ஓட்டைகளில் தண்ணீர் வந்தால் நல்லது. சுவர் முழுக்க ஈரம், ஓட்டை மட்டும் காய்ந்து கிடக்கிறது என்றால் அடைப்பு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு இன்ஜினியரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கி அதையே வாங்குபவரிடம் கொடுங்கள். சரிசெய்ய என்ன செலவு என்று தெரிந்துவிட்டால் அந்தத் தொகையை மட்டும் குறைத்துப் பேசி முடிப்பார்கள், தெரியாமல் பயந்தால்தான் விலை பாதாளத்துக்குப் போகும். தம்பியிடம் இதைச் சொல்லுங்கள்.

கோத்தகிரி மகள்:
ரொம்ப நன்றி அண்ணா, ஐயா. அறிக்கை வாங்கிவிடுகிறேன். மேலே ஒரு அறை பிற்பாடு கட்டியது, அது பிளானில் இல்லை. அதையும் சொல்லணுமா?

ஊட்டி பத்திர எழுத்தர்:
கட்டாயம். இங்கே மலைப்பகுதி விதிகளில் உயரத்துக்கெல்லாம் கட்டுப்பாடு உண்டு, அனுமதி இல்லாத அறைக்கு நோட்டீஸ் வந்தால் வாங்கியவர்தான் மாட்டுவார். அனுமதி வாங்கிய பிளானைக் கொடுத்து, எது அதில் இல்லை என்று காட்டுங்கள். அப்பா பெயரில் இருந்தால் வாரிசுச் சான்று வேண்டும், வாரிசுகள் எல்லாரும் கையெழுத்துப் போட வேண்டும், பட்டாவும் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். வேறு மாதிரி எழுதிக்கொள்ளாவிட்டால் கிரயத் தேதி வரைக்குமான வீட்டு வரி உங்கள் பொறுப்பு, ரசீதுகளை எடுத்து வையுங்கள். கரண்ட் பில்லையும் கட்டி முடித்துவிடுங்கள்.