நோயாளியைத் தூக்கும் நம் இடுப்பு: உங்கள் அனுபவம் என்ன?

ஸ்டாஃப் நர்ஸ், காரைக்குடி:

"நாள் முழுக்க வார்டுல நடக்கிறோமே, இதுக்கு மேல என்ன உடற்பயிற்சி?" எங்கள் டியூட்டி ரூமில் இந்தப் பேச்சு அடிக்கடி வரும். எனக்கு இதில் உடன்பாடில்லை. நாலடி நடக்கிறோம், நிற்கிறோம், குனிகிறோம், மறுபடி நாலடி. மணிக்கணக்கில் நிற்பதால் காலில் ரத்தம் தேங்கி நரம்பு சுருண்டுபோன அக்காமார்கள் எத்தனை பேர்! உலக சுகாதார நிறுவனம் 2020இல் சொன்னது, வாரம் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு. வேலையில் நடப்பதும் அதில் சேரும்தான். ஆனால் வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அது நம்மில் யாருக்கு நடக்கிறது?

முன்பு நான் வேலை பார்த்த இடத்தில், இடுப்பெலும்பு முறிந்த பெரியவர் ஒருவரை ஸ்ட்ரெச்சரிலிருந்து கட்டிலுக்கு மாற்றினோம். ஆள் நல்ல கனம். கூட இருந்த அக்கா அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். "வயசாகுதுல்ல" என்றார்கள். எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை. நோயாளியைக் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் பணியிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் வைத்திருக்கும் வரம்பு 35 பவுண்டு, சுமார் 16 கிலோ. இதில் வயசு எங்கே வருகிறது? நோயாளியின் அடியில் விரித்துச் சறுக்கி மாற்றும் வழுவழுப்பான ஸ்லைடு ஷீட் ஒன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

வீடு தேடிப் போகும் நர்ஸ், தேவகோட்டைப் பக்கம்:

உங்களுக்காவது கட்டில் இருக்கிறது சிஸ்டர். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் வந்தபிறகு படுக்கையில் கிடப்பவர்களை வீட்டிலேயே பார்க்கிறோம், நல்ல திட்டம். ஆனால் நம்ம ஊர்ப் பழைய வீடுகள் தெரியும்தானே? தெருவிலிருந்து ஏறவே படிகள், அப்புறம் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொன்றுக்கும் நிலைப்படி. சக்கர நாற்காலியை உருட்ட வழியில்லை. ஆச்சி உள்கட்டில் தரையில் பாய் விரித்துப் படுத்திருப்பார்.

நின்றபடி குனிந்து புரட்டினால் இடுப்பு போய்விடும். அதனால் நான் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி, ஆச்சியை ஒட்டி உட்கார்ந்துகொள்வேன். அவர் முழங்காலை மடக்கிவிட்டு, "ஆச்சி, மூணு சொல்றேன், நீங்களும் காலை ஊன்றித் திரும்புங்க" என்பேன். முடிந்தவர்கள் கட்டாயம் ஒத்துழைப்பார்கள், அவர்களுக்கும் அதில் ஒரு தெம்பு. மகனோ மருமகளோ இல்லாமல் தனியாகத் தூக்கவே மாட்டேன். வீட்டாருக்கும் இதையே சொல்லிக்கொடுக்கிறேன், நான் போனபிறகு தூக்குவது அவர்கள்தானே.

பிசியோதெரபிஸ்ட், சிவகங்கை:

இரண்டு பேர் சொன்னதும் சரி. வலி வந்தபின் என்னிடம் வருகிறவர்களுக்கு முதுகை விடத் தொடையும் பிட்டத் தசையும்தான் பலவீனமாக இருக்கும். மல்லாந்து படுத்து, முழங்காலை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். நிற்கும்போது அவ்வப்போது குதிகாலைத் தூக்கி இறக்குங்கள், காலில் தேங்கும் ரத்தம் மேலேறும். கால் மரத்துப்போனாலோ சிறுநீர் அடக்க முடியாமல் போனாலோ பயிற்சி வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

ஸ்டாஃப் நர்ஸ், காரைக்குடி:

நன்றி. எங்கள் வார்டுக்கு ஸ்லைடு ஷீட் கேட்டு எழுதப்போகிறோம். எப்படி எழுதினால் எடுபடும்?

பிசியோதெரபிஸ்ட், சிவகங்கை:

நர்ஸ்களின் இடுப்பு வலியோடு நிறுத்தாதீர்கள். இழுத்து மாற்றும்போது நோயாளியின் தோல் உரசிப் புண்ணாவதையும் ஸ்லைடு ஷீட் குறைக்கும், அதையும் சேர்த்து எழுதுங்கள்.