இரண்டு சமன்பாடு, மூன்று மாறி: விளக்க உதவுங்கள்

வணக்கம். பிளஸ் டூ படிக்கும் மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது ஓர் இடத்தில் நின்றுவிட்டேன்.

எக்ஸ் + ஒய் + இசட் = 6
எக்ஸ் + 2ஒய் + 3இசட் = 14

நான் இசட்டை டி (எந்த எண்ணாகவும் இருக்கலாம்) என்று வைத்தேன். விடை (டி − 2, 8 − 2டி, டி). அவள் ஒய்யை எஸ் என்று வைத்து (2 − எஸ்/2, எஸ், 4 − எஸ்/2) என்று எழுதி, யாருடையது சரி என்றாள். இரண்டு விடையும் ஒரே நேர்க்கோடுதான்; ஒவ்வொரு சமன்பாடும் ஒரு தளம், அந்த இரண்டு தளங்கள் வெட்டிக்கொள்ளும் கோடு. அறையில் இரண்டு சுவர்கள் சேரும் மூலையைக் காட்டியதும் பளிச்சென்று புரிந்துகொண்டாள்.

அப்புறம் கேட்டாள்: "நாலு மாறி, ரெண்டு சமன்பாடுன்னா என்னப்பா வரும்?" ஒன்றையொன்று சாராத சமன்பாடுகள் என்றால் இரண்டு மாறிகளை நம் விருப்பப்படி வைக்கலாம், விடை ஒரு தளம் என்றேன். ஆனால் நான்கு பரிமாணத்தில் அதை எப்படிக் காட்டுவது? சுவர் மூலை மாதிரி எளிய உதாரணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.